மலைப்பாதையில் மிதிவண்டி

வேலையின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்து வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மிற் பலருக்கு, வாழும் ஊர் என்பது வீட்டையும் அலுவலகத்தையும் இணைக்கும் ஒரு சாலையாகவே சுருங்கிவிடுகிறது. பத்தாண்டு வாழ்ந்த பின்னும், "நம் வீட்டு மாடியிலிருந்து தெரிகிறதே, அந்தக் குன்றின் பெயர் என்ன? அதற்கு அப்பால் என்ன ஊர் இருக்கிறது?" என்று நம் குழந்தையே கேட்டால், விடை கூற இயலாமல் விழிக்கிறோம். பிறந்த ஊரின் வாய்க்காலும் களத்துமேடும் ஐயனார் கோயிலும் நினைவில் அப்படியே நிற்கின்றன. இருக்கும் ஊரின் மண்ணோ நம் காலில் ஒட்டுவதே இல்லை. இக்குறையைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. மிதிவண்டியில் மலையேறுவதே அவ்வழி. அதனால் விளையும் இன்பத்தையும், அதற்கு அடிப்படையான சில உண்மைகளையும், அதனோடு நமக்கு வந்து சேரும் பொறுப்பையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

புணே நகரின் தென்கிழக்கு எல்லையில் உள்ளது கோந்த்வா. முன்பு இது கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்ற இரு சிற்றூர்களாக இருந்தது. 'குர்த்' என்றால் சிறியது. 'புத்ருக்' என்றால் பெரியது. பாரசீகத்திலிருந்து மராத்திக்கு வந்த சொற்கள் இவை. நம் நாட்டில் இரட்டை ஊர்களைச் 'சின்ன' என்றும் 'பெரிய' என்றும் அடைமொழியிட்டு அழைக்கிறோம் அல்லவா? அதே வழக்குத்தான். இன்று அச்சிற்றூர்கள் இரண்டும் நகரத்துக்குள் அடங்கி, அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பெரும் பகுதியாகிவிட்டன. இராணுவப் பணி, வங்கிப் பணி, கணினித் தொழில் என்று பல காரணங்களால் புணேக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் இப்பக்கத்தில் வாழ்கின்றன. கோந்த்வாவிலிருந்து ஏவலேவாடி வழியே தெற்கு நோக்கிச் செல்லும் சாலை, சிறிது தொலைவில் மலையடிவாரத்தை அடைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. அதுவே போப்தேவ் காட். மலைச்சரிவில் ஏறிக் கடக்கும் பாதையை மராத்தியர் 'காட்' என்பர். நாம் கணவாய் என்போம். அதனைக் கடந்தால் புரந்தர் வட்டாரமும் சாஸ்வட் என்னும் பழைய ஊரும் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்தச் சாலையில் நின்று பார்த்தால், தலைக்கவசம் அணிந்த இளைஞரும் முதியோரும் பெண்களுமாகப் பலர் மிதிவண்டியில் மலையேறிச் செல்வதைக் காணலாம். சாலையோடு நின்றுவிடாமல், இருபுறமும் குன்றுகளில் ஓடும் ஆட்டுத்தடங்களிலும் கரட்டு மண்பாதைகளிலும் தடித்த உருளைகள் பூட்டிய வண்டிகளைச் செலுத்துவோரும் உண்டு. இவர்கள் எதற்காக இப்படி மூச்சிரைத்து வருந்துகிறார்கள் என்ற வியப்பு நமக்கும் முதலில் இருந்தது. அவ்வியப்பே ஒருநாள் நம்மை வண்டியேற வைத்தது.

முதல்நாள் நடந்ததை மறைக்காமல் கூறிவிடுகிறோம். நண்பர் நால்வராகப் புறப்பட்டோம். நம்மிடம் இருந்ததோ ஊரிலிருந்து இரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த பழைய கறுப்பு மிதிவண்டி. பற்சக்கர மாற்றம் ஏதும் இல்லாதது. தட்டையான சாலையில் அரசனைப் போலச் சென்ற அவ்வண்டி, முதல் வளைவிலேயே பாறையைப் போல் கனத்துவிட்டது. இரண்டாம் வளைவில் இறங்கித் தள்ளத் தொடங்கினோம். நெஞ்சு படபடக்க, முகமெல்லாம் வியர்வை வழிய நின்றபோது, சாலையோரம் தேநீர் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "தாதா, சாவகாஷ், சாவகாஷ்!" என்று உரக்கக் கூறினார். மராத்தியில் 'தாதா' என்பது அண்ணனை அழைக்கும் அன்புச் சொல். நம் திரைப்படங்களில் வரும் பொருளைக் கொண்டு அஞ்ச வேண்டியதில்லை. 'சாவகாஷ்' என்பதோ நம் பாட்டிமார் நாவில் நாள்தோறும் வழங்கிய 'சாவகாசம்' என்னும் சொல்லே. "அவசரம் என்ன? சாவகாசமாகப் போயேன்" என்று நம் வீட்டுத் திண்ணையில் கேட்ட குரலையே ஒரு மராத்தி மலைச்சரிவில் மீண்டும் கேட்டோம். மலையேறும் கலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருப்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

அக்கலையின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மிதிகட்டையோடு இணைந்த முன்பற்சக்கரத்தில் 32 பற்களும், பின்னுருளையோடு இணைந்த பற்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் பின்னுருளை இருமுறை சுற்றும். உருளையின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர் எனில், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி 4.4 மீட்டர் முன்னேறும். இப்போது சங்கிலியைப் பின்னால் உள்ள பெரிய சக்கரத்துக்கு, அதாவது 42 பற்கள் உள்ளதற்கு மாற்றுகிறோம். அதே ஒரு சுற்றுக்கு வண்டி 1.7 மீட்டர் அளவே செல்லும். தொலைவு குறைந்தது, ஆனால் காலில் கொடுக்க வேண்டிய விசையும் அதே விகிதத்தில் குறைந்துவிட்டது. கிணற்றிலிருந்து ஒரு பெருங்குடம் நீரை ஒரே தடவையில் இழுப்பதற்கும், அதே நீரைச் சிறு செம்புகளில் பல தடவை இழுப்பதற்கும் உள்ள வேற்றுமையே இது. மேலே வந்து சேரும் நீர் ஒன்றுதான். தோளுக்கு ஏற்படும் நோவு வேறு. பற்சக்கரங்கள் வேலையைக் குறைப்பதில்லை. வேலையை நம் வலிமைக்கேற்பப் பங்கிட்டுத் தருகின்றன.

அந்த வேலைதான் எவ்வளவு? மனிதரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எடை எனக் கொண்டால், அவ்வெடையை 100 மீட்டர் உயரம் ஏற்றுவதற்கு ஏறக்குறைய 19 கிலோகலோரி ஆற்றல் வேண்டும். நம் தசைகளோ உண்ட உணவின் ஆற்றலில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கையே இயக்கமாக மாற்ற வல்லவை, எஞ்சியது வெப்பமாகிவிடும். வியர்வைக்குக் காரணம் அதுவே. ஆகவே ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் உடல் 80 அல்லது 90 கிலோகலோரி செலவிடும். நமக்குப் பழக்கமான அளவையில் சொன்னால், அஃது ஏறத்தாழ இரண்டு இட்லி. போப்தேவ் காட் போன்ற ஒரு மலையை ஏறி முடிப்பதற்கு ஒருவேளைச் சிற்றுண்டி போதும் என்றால், அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? தேவைப்படுவது பெருவலிமையன்று, மூச்சும் காலும் ஒரே தாளத்தில் இயங்கும் பொறுமையே.

இன்று நமக்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பற்சக்கர மாற்றம், ஒரு காலத்தில் வீரர்க்கு இழுக்கு என்று கருதப்பட்டது. இரு சம உருளைகளும் சங்கிலியும் கொண்ட இன்றைய மிதிவண்டியின் அமைப்பை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-இல் நிலைபெறச் செய்தார். 1888-இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த உருளையை உருவாக்கினார். ஆனால் 1903-இல் தொடங்கிய புகழ்பெற்ற பிரெஞ்சு நாட்டுச் சுற்றுப்பந்தயத்தில், சங்கிலியைச் சக்கரம் விட்டுச் சக்கரம் மாற்றும் பொறியை 1937-ஆம் ஆண்டில்தான் வீரர்களுக்குப் பொதுவாக அனுமதித்தனர். இதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பல்வகைப் பற்சக்கரங்களின் பயனை எடுத்துரைத்து வந்தவர் பால் தெ விவி என்னும் பிரெஞ்சுக்காரர். எளிதாக்கிக்கொள்வது இழிவன்று என்பதை உலகம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் பிடித்தது.

மலைமிதிவண்டி என்ற தனி இனம் தோன்றியது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மாரின் பகுதியில் டமல்பைஸ் என்றொரு மலை உண்டு. 1970களில் அங்கிருந்த இளைஞர் சிலர், எவரும் விரும்பாத பழைய கனத்த மிதிவண்டிகளைத் தேடி வாங்கி, மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். 1976-இல் அவர்கள் ஒரு செங்குத்தான பாதையில் பந்தயம் நடத்தத் தொடங்கினர். இறங்கி முடிப்பதற்குள் பின்னுருளையின் தடையிலிருந்த மசகு முழுவதும் சூட்டில் எரிந்து புகைந்துவிடும். மீண்டும் மசகு அடைத்தால்தான் வண்டி ஓடும். அதனால் அப்பாதைக்கே 'மீண்டும் அடைப்பது' என்று பொருள்படும் ரீபேக் என்ற பெயர் வந்தது. அக்குழுவைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே புதிதாகச் சட்டம் அமைத்து வண்டி செய்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. பழைய இரும்பிலிருந்து பிறந்த விளையாட்டு இருபதே ஆண்டுகளில் ஒலிம்பிக்கை எட்டியது.

இந்தக் கதையில் புணேக்கும் நம் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. புணே ஒரு காலத்தில் மிதிவண்டி நகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. தொழிலாளியும் பேராசிரியரும் மாணவியரும் ஒரே சாலையில் மணியடித்துச் சென்ற காலம் அது. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகவே, அப்பெயர் பழங்கதையாயிற்று. தமிழகத்திலோ, 1949-இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரிலிருந்து நாடெங்கும் வண்டிகளை அனுப்பியது. அங்கு உருவான ஹெர்குலிஸ் வண்டியில் தந்தையாரின் முன்கம்பியில் அமர்ந்து பள்ளிக்குச் சென்றவர்கள் நம்முள் எத்தனையோ பேர். 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி பழகியதையும் இங்கு நினைவுகூர வேண்டும். பிறரை எதிர்பாராமல் தன் விருப்பப்படி சென்று வரும் உரிமை மனிதரை எவ்வளவு நிமிரச் செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா.

இனி மலைக்கு மீள்வோம். புணேயைச் சூழ்ந்த குன்றுகள் யாவும் ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியதால் உண்டானவை. அவ்வடுக்குகளில் கடினமானவை செங்குத்துச் சுவர்களாக நிற்கின்றன. மென்மையானவை தேய்ந்து திட்டுகளாகச் சாய்ந்துள்ளன. அதனால் இம்மலைகள் பெரும் படிக்கட்டுப் போல் காட்சியளிக்கும். இதை அறிந்தவர் மிதிப்பதற்கும் ஒரு முறை வகுத்துக்கொள்வர்: செங்குத்தான இடத்தில் சிறிய விகிதத்தில் நிதானமாக ஏறி, அடுத்த திட்டில் மூச்சை மீட்டுக்கொள்வர். நிலத்தின் வரலாறு காலின் வழியாக நமக்குப் பாடமாவது இவ்வாறுதான்.

இறக்கம் வேறு வகைக் கல்வி. ஏற்றத்தில் வலிமை சோதிக்கப்படும். இறக்கத்தில் அறிவு சோதிக்கப்படும். வண்டியைத் திடீரென நிறுத்தினால் உடலின் எடை முன்னோக்கிச் சாயும். முன்னுருளைத் தடையே மிகுந்த நிறுத்தும் ஆற்றல் உடையது. எனினும் சரளைமண்ணில் அதனை இறுகப் பற்றினால் உருளை வழுக்கி நாம் விழுவோம். ஆகவே இருக்கையிலிருந்து சிறிது எழுந்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, இரு தடைகளையும் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். பார்வை, தவிர்க்க வேண்டிய கல்லின்மேல் அன்று, செல்ல வேண்டிய வழியின்மேல் நிற்க வேண்டும். கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும். உருளையில் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது கரட்டு நிலத்தை நன்கு பற்றும். தலைக்கவசம் இன்றி இறங்குவது வீரமன்று, அறியாமை.

மேலே சென்றடைந்தால் என்ன காண்கிறோம்? பின்னால் திரும்பினால் நாம் வாழும் நகரம் முழுவதும் பனிமூட்டத்தில் மிதக்கும். அருகே உள்ள குன்றின் உச்சியில், நவநாதருள் ஒருவரான கானிப்நாதரின் கோயில் உண்டு. தெற்கே வானத்தை மறித்து நிற்பது புரந்தர் கோட்டை. 1657-இல் சத்திரபதி சிவாஜியின் மைந்தர் சம்பாஜி பிறந்தது அங்கே. 1665-இல் சிவாஜி 23 கோட்டைகளை முகலாயருக்கு விட்டுக்கொடுத்த உடன்படிக்கையும் அதன் பெயராலேயே வழங்குகிறது. அச்சிவாஜியின் தம்பி ஏகோஜியே 1670களில் தஞ்சையில் ஆட்சியை நிறுவியவர். தஞ்சை அரண்மனையைச் சிறுவயதில் சுற்றிப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கோட்டை அந்நியமாகத் தோன்றுமா? கீழே கர்ஹா ஆற்றின் கரையில் சாஸ்வட். ஆடி மாதத்தை ஒட்டிப் பண்டரிபுரம் செல்லும் ஞானேசுவரரின் பல்லக்கு தங்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. பருவத்தில் சென்றால் அவ்வட்டாரத்துச் சீத்தாப்பழமும் அத்திப்பழமும் வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு திரும்பலாம்.

இன்னும் ஒரு செய்தி தமிழர்க்கு இனிப்பது. சகியாத்திரி மலைச்சரிவுகளில் 'கார்வி' என்றொரு செடி உண்டு. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒருசேர நீலமாய்ப் பூக்கும். நீலகிரியிலும் மூணாற்றிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, 2018-இல் மக்களை ஈர்த்ததே குறிஞ்சி, அதனுடைய நெருங்கிய உறவினம் இது. மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி என்று நம் முன்னோர் வகுத்தனர். அந்தத் திணை தமிழ்நாட்டு எல்லையோடு முடிந்துவிடவில்லை.

இவ்வளவும் சொன்ன பின், கவலை ஒன்றையும் சொல்லாமல் இருத்தல் தகாது. நகரம் வளர வளரக் குன்றுகள் வெட்டப்படுகின்றன. நேற்று ஆடு மேய்ந்த சரிவில் இன்று பொறிகள் மண்ணைத் தோண்டுகின்றன. 2023-இல் புணேயின் வேதாள் குன்றின் வழியே சாலையும் சுரங்கமும் அமைக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டு நடந்தனர். குன்றில் காலையில் உலவியவர்களே அதற்காகக் குரல் கொடுக்கவும் முன்வந்தனர் என்பது கருதத்தக்கது. அறிந்ததையே காக்கத் தோன்றும்.

ஆயினும் பிறரைக் குறைகூறும் முன் நம் உருளையையும் நோக்க வேண்டும். மழையில் ஊறிய மண்பாதையில் வண்டி ஓட்டினால் ஆழமான கோடு விழும். அடுத்த மழையில் நீர் அக்கோட்டையே வாய்க்காலாக்கிக்கொண்டு பாயும். கோடு பள்ளமாகும், பள்ளம் ஓடையாகும், மேல்மண் அடித்துச் செல்லப்படும். ஒரு நாழிகை விளையாட்டு ஒரு சரிவையே அழித்துவிடக்கூடும். ஆகவே ஈரம் உலரும்வரை சாலையோடு நிற்போம். உள்ள தடத்தில் செல்வோம். புதுத்தடம் வெட்ட வேண்டா. ஆடு மேய்ப்பவருக்கும் விறகு சுமப்பவருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்போம். அத்தடங்கள் அவர்கள் கால் வகுத்தவை, நாம் விருந்தினர். வனத்துறை தடுத்த இடத்தில் நுழையாமலும், கோடையில் காய்ந்த புல்லருகே நெருப்புப் பொறி விழாமலும் காப்போம்.

தொடங்க விரும்புவோருக்கு ஓரிரு சொற்கள். விலையுயர்ந்த வண்டி வேண்டியதில்லை. பற்சக்கர மாற்றமும் நல்ல தடைகளும் உள்ள எளிய வண்டி போதும். இருதய நோயோ முழங்கால் நோவோ உடையவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்க. காற்றுப் பம்பு, மாற்று டியூப், இரண்டு புட்டி நீர், சிறிது வெல்லமும் வேர்க்கடலையும் உடன் இருக்கட்டும். போப்தேவ் சாலையில் கனத்த வண்டிகள் மிகுதி; ஆகையால் விடியலில் புறப்பட்டு, பின்விளக்கு எரியவிட்டு, மூவர் நால்வராகச் செல்க. மார்ச்சு முதல் மே வரை வெயில் கடுமை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே தொடங்குவதற்கு ஏற்றது. ஏற முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவதில் நாணம் வேண்டா.

நாம் முதல்முறை உச்சியை அடைந்தது நான்காம் ஞாயிற்றுக்கிழமை. திரும்பும் வழியில் அந்த மூதாட்டியின் கடையில் நின்றோம். அவர் தேநீரை ஊற்றிக்கொண்டே, எந்த ஊர் என்று வினவினார். வழக்கமாகத் தஞ்சை என்றோ நெல்லை என்றோ கூறும் நம் வாய், அன்று ஏனோ "கோந்த்வா" என்றது. அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் பக்கத்து ஊர்தான்" என்றார். மாடியிலிருந்து காணும் குன்றின் பெயரை இப்போது நம் வீட்டுக் குழந்தைகள் நம்மைக் கேட்பதில்லை, அவர்களே சொல்கிறார்கள்.